முப்பத்தொன்றாம் எண்ணில் மற்றும் பலர்

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்குகிற யாரும் முதலில் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதில்லை. மணமக்கள் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது வரியில் இருக்கிறது, இதைத்தான் பார்க்கிறார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடமாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிற எனக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. ஒரு தடவை ஒரு குடும்பத்துக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. மனிதர் சீர்த் தட்டுகளோடு பாதி வழியில் வேனைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என் கடையில் ஒரே சட்டம்தான். எது விட்டுப்போனாலும் பேர் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் பானுப்ரியாவின் ஏழு வருட உழைப்புக்கு நான் உலை வைக்கப் பார்த்தேன்.

பானுப்ரியா நிலக்கோட்டைக்காரி. தனியார் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பறித்த மல்லிகை மொட்டு, வேனில் போய்ச் சேருவதற்குள் மலர்ந்து வீணாகாமல் இருக்க அதை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. ஏழு வருடமாகப் பூ மூட்டைக்குள் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு அலைந்தவள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வியர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் வந்து, ஒரு பென் டிரைவையும் ஒரு கட்டுத் தாளையும் என் மேஜையில் போட்டாள்.

"அண்ணே, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புன கட்டுரையை மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டாய்ங்க."

"ஆராய்ச்சியில தப்பா?"

"ஆராய்ச்சியில ஒரு தப்பும் சொல்லலண்ணே. கடைசியில ரெஃபரன்ஸ் லிஸ்ட் இருக்குல்ல, யார் யார் கட்டுரையைப் பாத்து எழுதுனோம்னு போடுவோமே, அது அவங்க பத்திரிகை முறைப்படி இல்லையாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்பலேன்னா கட்டுரையையே வாபஸ் வாங்குனதா எடுத்துக்குவாங்களாம்."

அது வாபஸ் ஆனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அவளுடைய பதிவுக் காலம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. கமாவாலும் புள்ளியாலும் ஏழு வருடம் போய்விடும். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"நீ போயி கிளாஸை எடு. நாளைக்கு ரெண்டு மணிக்கு வா. நான் முடிச்சு வைக்கிறேன்," என்றேன்.

அவள் போனதும், அந்தக் கட்டில் இருந்த பத்திரிகையின் விதித் தாளைப் பிரித்தேன். முப்பத்தாறு பக்கம். பெயருக்குப் பின் கமா, இனிஷியலுக்குப் பின் புள்ளி, வருடத்துக்கு அடைப்புக்குறி, பத்திரிகையின் பெயர் சாய்ந்த எழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில், இதழ் எண் தடிக்காமல். எந்த மாப்பிள்ளை வீட்டாரும் இவ்வளவு நிபந்தனை போட்டு நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டு மேற்கோள்.

ஆனால் ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தியது. பல இடங்களில் மூன்று பேர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'எட் ஆல்' என்று இருந்தது. லத்தீனாம். மற்றும் பலர் என்று அர்த்தமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பத்துப் பேர் வெயிலில் நின்று ஆராய்ச்சி செய்வார்களாம், மூன்று பேர் பெயரைப் போட்டுவிட்டு மீதி ஏழு பேரைப் பலர் என்று தள்ளிவிடுவார்களாம். கல்யாணப் பத்திரிகையில் 'பெரியப்பா மற்றும் பலர்' என்று போட்டால் மண்டபத்தில் நாற்காலி மிஞ்சுமா? ஆறு பேருக்கு மேல் போனால் முதல் மூவரைப் போட்டு எட் ஆல் சேர்க்க வேண்டும் என்று விதித் தாளில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அந்த விதியை எழுதியவன் பெயர் எங்கும் விட்டுப்போயிருக்காது, அதனால் எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கட்டுரையாகத் தேடி எடுத்து, விட்டுப்போன அத்தனை பேரையும் சேர்த்தேன். ஒரு சீனக் கட்டுரையில் மட்டும் இருபத்துமூன்று பேர். ஒருவர் விடாமல் போட்டேன். படித்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் முன்னால் 'டாக்டர்' சேர்த்தேன். 1961-ல் எழுதியவர் ஒருவர் இருந்தார். மனிதர் இப்போது இருக்கமாட்டார் என்று கணக்குப் போட்டு அவருக்கு 'லேட்' என்றும் போட்டேன். மறுநாள் மத்தியானம் முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பானுப்ரியா வந்து திரையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, யாருண்ணே இந்த லேட்?"

"அறுபத்தொண்ணுல எழுதுனவரும்மா. ஒரு மரியாதைக்கு."

"நாலு பக்கம் இருந்ததுண்ணே. இப்ப ஒம்போது பக்கம் இருக்கு!"

"அம்புட்டுப் பேரு விட்டுப்போயிருந்துச்சு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "என்னைக் கொன்னுட்டீங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மணி இரண்டேகால். ஐந்துக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

"வா, செத்த நேரத்துல வெட்டிரலாம்," என்று நானே கீபோர்டை இழுத்தேன். அவள் பெயர்களை எண்ணிச் சொல்ல, நான் வெட்டினேன். டாக்டர்களெல்லாம் போனார்கள். லேட்டும் போனார். இருபது சீனர்கள் ஒரே அழுத்தில் மறைந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. இப்படியே முப்பது வரைக்கும் வந்துவிட்டோம்.

"முப்பத்தொண்ணு. எத்தனை பேருண்ணே?"

"ரெண்டே பேருதான். ஒருத்தர் மோகன்குமார். இன்னொருத்தர் கண்ணுசாமி."

"அதுல எட் ஆல்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. ரெண்டு பேரு எழுதுனதுல ஒருத்தரைப் போட்டுட்டு இன்னொருத்தரைப் பலர்னு போட்டிருந்தீங்க. ஒத்தை ஆளு எப்படிம்மா பலர் ஆனாரு?"

மோகன்குமார் என்பவர் அவளுடைய கைடு. பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியர். ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் அதை வாங்கும். அவர் 2009-ல் எழுதிய கட்டுரை அது. ஈரச்சாக்கில் மொட்டைக் கட்டும் முறையைப் பற்றியது. பானுப்ரியாவின் ஆராய்ச்சிக்கே அதுதான் அஸ்திவாரம்.

"கண்ணுசாமி யாரு?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"அதை நீயில்ல எனக்குச் சொல்லணும். கட்டுரையைப் படிச்சதில்லையா?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார் குடுத்த லிஸ்ட்டுண்ணே. அவர்ட்ட படிச்ச எல்லாருக்கும் இதே லிஸ்ட்டைத்தான் குடுப்பாரு. நாங்க அப்படியே ஒட்டிக்குவோம். யாருண்ணே அம்புட்டையும் படிக்கிறா?"

எனக்கு ஏதோ பொறி தட்டியது. திருப்பியனுப்பிய கடிதங்களை எடுக்கச் சொன்னேன். மூன்றிலும் ஒரே வரி இருந்தது: மேற்கோள் முப்பத்தொன்று முழுமையாக இல்லை. அவள் முதல் தடவை பக்க எண்ணை மாற்றியிருக்கிறாள். இரண்டாம் தடவை கமாவை மாற்றியிருக்கிறாள்.

"ஏம்மா, எவனாச்சும் கமாவுக்காக மூணு தடவை கோவிச்சுக்குவானா? பேரு விட்டுப்போச்சுன்னு சொல்றாய்ங்க. அந்தக் கண்ணுசாமிதான் அங்க உக்காந்திருக்காரு, இல்லாட்டி அவரு சொந்தக்காரன் உக்காந்திருக்கான்."

அவள் உடனே மோகன்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் இடி விழுந்தது.

"அந்த ஆளு பேரு என் ஸ்டூடன்ட் பேப்பர்ல வரக் கூடாது! எட் ஆல்னே இருக்கட்டும். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி மீட்டிங்ல முந்நூறு பேருக்கு நடுவுல எந்திரிச்சு, ஈரச்சாக்கு முறையைக் கண்டுபிடிச்சது தானாம், தன் பேருதான் முதல்ல வந்திருக்கணுமாம்னு சொன்னான்மா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"நீங்க கண்டுபிடிச்சதுதானே சார்?"

"அது வேற விஷயம்," என்றார். "மீறிப் போட்டேன்னா தீசிஸ்ல என் கையெழுத்தை எதிர்பாக்காத." போனை வைத்துவிட்டார்.

பெயரைப் போட்டால் கைடு கையெழுத்துப் போட மாட்டார். போடாவிட்டால் பத்திரிகை கட்டுரையைத் திருப்பிவிடும். எப்படிப் பார்த்தாலும் பட்டம் போயிற்று. பானுப்ரியா நகத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இது அவளுக்கு வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். எனக்கு வாரம் ஒருமுறை வருகிற கதை. பங்காளிச் சண்டை உள்ள வீட்டுக்கு நாங்கள் இரண்டு தினுசாகப் பத்திரிகை அடிப்போம். சித்தப்பா பெயர் உள்ள பத்திரிகை சித்தப்பா வகையறாவுக்கு. பெயர் இல்லாத பத்திரிகை அவரோடு பேசாதவர்களுக்கு. கல்யாணம் நல்லபடியாக நடந்துவிடும்.

"பேரு போட்டதைப் பத்திரிகைக்கு அனுப்பு. பேரு போடாததை உங்க சாருக்குப் பிரிண்ட் எடுத்துக் குடு," என்றேன்.

"தப்பில்லையாண்ணே?"

"உள்ள ஆளு பேரைப் போடுறது எப்படித் தப்பாகும்?"

நாலு ஐம்பதுக்கு ஏற்றினோம். நாலு ஐம்பத்தாறுக்குக் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. அவள் கைகூப்பிக் கும்பிட்டாள். நான் டீ சொன்னேன். டீ வருவதற்குள் மோகன்குமாரிடமிருந்து போன் வந்தது. கட்டுரையில் அவருடைய பெயரும் ஆசிரியராக இருந்ததால், பத்திரிகைக்காரர்களின் கம்ப்யூட்டர் அவருக்கும் ஒரு நகலைத் தானாகவே அனுப்பிவிட்டதாம். அவரும் மற்ற எல்லாரையும் போலத்தான். கட்டுரையைப் படிக்கவில்லை, நேரே முப்பத்தொன்றுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். குட்டு வெளிப்பட்டுவிட்டது. "இனிமே என் ரூம் பக்கம் வராத," என்று இரண்டே வரியில் பேச்சை முடித்துக்கொண்டார். அந்த டீயை நாங்கள் இரண்டு பேருமே குடிக்கவில்லை.

பதினோரு நாள் கழித்துக் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மூன்று தடவையும் திருப்பியனுப்பியது கண்ணுசாமியும் இல்லை, அவர் சொந்தக்காரரும் இல்லை. ஒரு மெஷின். ஆசிரியர் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் அதுவாகவே அனுப்பிவிடுமாம். பெயர் விட்டுப்போனால் மெஷினே கோபித்துக்கொள்கிறது என்றால் மனிதனைச் சொல்லி என்ன பயன். ஆனால் மோகன்குமார் அசையவில்லை. பானுப்ரியா ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வாசலில் நாலு நாள் நின்று பார்த்தாள். கதவு திறக்கவேயில்லை. இருபத்தெட்டாம் தேதி கடைக்கு வந்து, "நீங்க நல்லதுக்குத்தாண்ணே சொன்னீங்க," என்றாள். அந்த வார்த்தை என்னைக் குத்தியெடுத்துவிட்டது.

பெயர் விட்டுப்போன வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தி அடித்த பத்திரிகையைத் தட்டில் வைத்து, நேரில் போய், நின்றுகொண்டே கொடுக்க வேண்டும். அவர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். அந்த 2009 கட்டுரையில் கண்ணுசாமியின் விலாசம் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி என்று இருந்தது. அங்கே எனக்கு வாடிக்கைக்காரர்கள் நிறைய. விலாசத்தைச் சொல்லி விசாரித்தேன். கண்ணுசாமி மோகன்குமாரின் கல்லூரியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஊரோடு போய்த் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசு இறங்கினால் மோகன்குமார் மனசும் இறங்கலாம் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பானுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு பழனி பஸ் ஏறினேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அதன் மேல் இருபத்தைந்து பக்கக் கட்டுரை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தேன்.

"ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மஞ்சளாண்ணே?"

"நீ பேசாம வா."

கண்ணுசாமிக்கு எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். காது மந்தம். தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க, வாங்க. யார் ஊட்டுக் கல்யாணமுங்க?" என்றார்.

பானுப்ரியா தட்டை நீட்டினாள். நான் எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் அவள் வாயில் வரவில்லை. "ஐயா, நான் மோகன்குமார் சாரோட ஸ்டூடன்ட். ஏழு வருஷமா நீங்க சொன்ன ஈரச்சாக்கைத்தான் அளந்துக்கிட்டு இருக்கேன். உங்க பேரே எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கங்க," என்றாள்.

அவர் கட்டுரையை எடுத்தார். தலைப்பைப் பார்க்கவில்லை, சுருக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போய், விரலை வைத்து ஒன்றிலிருந்து இறங்கினார். முப்பத்தொன்றில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"ஏனுங்க, பேரு பின்னால இருக்குதுங்களே," என்றார்.

"அச்சான கட்டுரையில அப்படித்தான் இருக்குங்கய்யா," என்றேன்.

"அது செரி. இதை மோகன் போடச் சொன்னானா, இல்ல நீங்களா போட்டீங்களா?"

நானும் பானுப்ரியாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பொய் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்துவிட்டார். "பதினாறு வருசமா நெம்பரை அழிக்காம வெச்சிருக்கறனுங்க. அவனையே கேட்டுப்போடறேன்." தடுக்க முடியவில்லை. 'நான் போடச் சொல்லவில்லை' என்று மோகன்குமார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டும் போச்சு, பட்டமும் போச்சு.

காது மந்தமானதால் அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மோகனு, கண்ணுசாமி பேசறேன்."

மெதுவாக, "சொல்லு," என்றது குரல்.

"உன்ற ஸ்டூடன்டுப் புள்ள தட்டோட வந்து நிக்குது. கட்டுரையில எம்பேரு இருக்குது. நீ போடச் சொன்னியா, புள்ளயா போட்டுதா?"

நான் தட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். மோகன்குமார் தொண்டையைக் கனைத்தார்.

"என்னைக் கேக்காம என் ஸ்டூடன்ட் ஒரு கமா போடுமாடா? நான்தான் போடச் சொன்னேன்."

கண்ணுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதுக்குப் பதினாறு வருசம் ஆச்சாடா உனக்கு," என்றார். அடுத்த நிமிடமே தேறிக்கொண்டு, "அப்பவும் பின்னாலதான போட்டிருக்கற!" என்று ஆரம்பித்தார். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அரைமணி நேரம் இரண்டு பேரும் ஆசை தீரச் சண்டை போட்டார்கள். நடுவில் எங்களைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. "வாய் கூசாம சொல்றாரு பாரு, நான்தான் போடச் சொன்னேன்னு! அன்னைக்கு அவரு ஈரச்சாக்கை எடுத்துக்கிட்டாரு, இன்னைக்கு நாம பட்ட பாட்டையும் தன் பேருல போட்டுக்கிட்டாரு!"

பானுப்ரியா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "போட்டுக்கட்டும்ணே. தானே போடச் சொன்ன பேருக்காக இனிமே எப்படிண்ணே கையெழுத்துப் போடாம இருப்பாரு?"

மறுநாள் முப்பதாம் தேதி. காலை பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. மோகன்குமார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தாராம். ஆறு பிரதியிலும் கையெழுத்துப் போட்டாராம்.